கொட்டாஞ்சேனையில் எஞ்சின், வெள்ளவத்தையில் ட்ரக்டர்

1946ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்து இரண்டாம் வியாழக்கிழமை காலை பத்தேகாலுக்கு, கொட்டாஞ்சேனையில் ஸாலிஹ் பாஸின் பட்டறையில் மரக்கட்டைகளின் மேல் ஏற்றி வைத்திருந்த டீசல் எஞ்சின் ஸ்டார்ட் ஆனபோது, அங்கிருந்து ஆறு மைல் தள்ளி வெள்ளவத்தைக் கால்வாய்க் கரையில், எஞ்சின் கழற்றப்பட்டுக் கிடந்த சங்கிலி ட்ரக்டர் முன்னோக்கி நகர்ந்தது. அன்றைக்குக் கொழும்பில் வேறு விசேஷம் எதுவும் இல்லை. மழை பெய்யவில்லை. தேங்காய் முந்திய வாரத்து விலைக்கே விற்றது.

அந்த ட்ரக்டர் சதுப்புநில நிரப்பு இலாகாவுக்குச் சொந்தமானது. சக்கரத்துக்குப் பதிலாக இரண்டு பக்கமும் இரும்புச் சங்கிலிகளின் மேல் ஊர்ந்து போகிற சாதி. 1935இல் கப்பலில் வந்து இறங்கியது. ஏழு வருடம் மண் தள்ளியது. யுத்தம் வந்ததும் பட்டாளத்துக்காரர்கள் விமான ஓடுபாதை போடுவதற்கென்று கொண்டுபோய், சமாதானம் வந்ததும் எஞ்சினின் உயிரில் முக்கால் பங்கைத் தின்றுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். வெள்ளவத்தைச் சதுப்பில் வேலை தொடங்கிய இரண்டாம் மாதம், நீலப் புகை கக்கி, உள்ளே சம்மட்டியால் அடித்ததுபோல் ஒரு சத்தம் போட்டு நின்றது. அதைத் தூக்கப் பாரந்தூக்கியும் இல்லை, ஏற்றிப் போக லொறியும் இல்லை. எனவே இலாகா அதை ஓடுகிற வாகனமாகவே பதிவேட்டில் வைத்துக்கொண்டு, பழுதைப் பற்றிக் கடிதம் எழுதத் தொடங்கியது.

ட்ரக்டரோடு கூடவே பட்டாளத்திலிருந்து திரும்பி வந்தவன் சாரதி பழனிமுத்து. அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, யுத்தகாலத்தில் கொழும்புக்கு வேலைக்கு வந்து, ஒரு சோல்ஜரிடம் கைச் சைகையிலேயே ட்ரக்டர் ஓட்டப் படித்தவன். இலாகாவில் அவன் நாட்கூலி. அவனுடைய வரவுப் பதிவில் 'வேலை செய்யும் இடம்' என்ற கட்டத்தில் 'ட்ரக்டர் ஆசனம்' என்று எழுதியிருந்ததால், வண்டி ஓடாத பத்து மாதமும் காலை எட்டிலிருந்து மாலை நாலரை வரை அவன் அந்த ஆசனத்திலேயே உட்கார்ந்திருந்தான். மழைக்குச் சாக்கைப் போர்த்திக்கொண்டான். நெசவாலையில் வேலை பார்த்த அவன் மனைவி ஆறாயி மத்தியானத்தில் சோறு கொண்டுவந்து, சங்கிலியின் மேல் ஏறி நின்று எட்டிக் கொடுத்தாள். இறங்கி வந்து தின்னச் சொன்னால், "ரிஜிஸ்டர்ல சீட்டுன்னுதான் போட்டிருக்கு புள்ள" என்பான்.

1946 சித்திரை கழிந்துதான் எஞ்சினைத் திருத்த அனுமதி வந்தது. வண்டியைக் கொண்டுபோக முடியாததால் எஞ்சினை மட்டும் கழற்றி, கிளட்ச்சோடு சேர்த்து இரட்டை மாட்டு வண்டியில் ஏற்றிக் கொட்டாஞ்சேனைக்கு அனுப்பினார்கள். ஸாலிஹ் பாஸ் நாற்பத்தெட்டு வயது மெக்கானிக். துறைமுகத்தில் பாரம் இழுக்கும் விஞ்சுகள் முதல் ஐஸ் மில் எஞ்சின் வரை பார்த்தவர். இந்த எஞ்சினைத் திறந்து பார்த்து, "பாவம், இத்தன நாளா எண்ணெயக் குடிச்சிட்டு நடந்தீக்கி" என்றார். மூன்று மாதம் வேலை நடந்தது. நான்கு சிலிண்டருக்கும் புது லைனர் இறக்கி, பிஸ்டனும் ரிங்கும் மாற்றினார். பேரிங்குகளுக்கு விளக்குக் கரி பூசி, உரசுகிற இடம் பார்த்துப் பார்த்துச் சுரண்டினார். டீசல் பீச்சுகிற நாசில்களை வெளியே வைத்து அடித்துப் பார்த்து, பனி மாதிரி தூவாததை எல்லாம் திரும்பத் திரும்பக் கழுவினார். அவர் மனைவி ருக்கியா, வீட்டில் சமையலுக்கு வைத்திருந்த மண்ணெண்ணெய் முழுவதும் பட்டறைக்குப் போவதைக் கண்டு ஒரு வாரம் அவரோடு பேசாமல் இருந்தாள். ஓகஸ்ட் வியாழக்கிழமை, பக்கத்தில் பூட்டியிருந்த சின்னப் பெட்ரோல் எஞ்சினை முதலில் இழுத்து எழுப்பி, அதைக்கொண்டு பெரியதைச் சுழற்றினார். பெரியது இரண்டு முறை தும்மி, மூன்றாம் முறை பிடித்துக்கொண்டது. சத்தத்தைக் கேட்டதும் ஸாலிஹ் பாஸ் அல்ஹம்துலில்லாஹ் சொல்லி அதன் மேல் உள்ளங்கையை வைத்தார்.

வெள்ளவத்தையில் பழனிமுத்து அந்த நேரம் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தான். ஆசனம் அசைந்ததும் சதுப்பில் வண்டி புதைகிறது என்று நினைத்தான். பிறகு சங்கிலி சுற்றுவதைக் கண்டான். எஞ்சின் இருந்த இடத்தில் வெறும் குழி. அதற்குள் ஒரு ஓணான். பழகிய கை தானாகவே லீவர்களைப் பிடித்தது. கிளட்ச் கொட்டாஞ்சேனையில் இருந்ததால் வண்டியை நிறுத்த வழியிருக்கவில்லை. நாற்பது நிமிடம் சதுப்பைச் சுற்றிச் சுற்றி வந்தான். கடைசிச் சுற்றில் ஒரு பிரக்டர் வக்கீலின் வீட்டு மதில் பன்னிரண்டு அடி சரிந்தது. எஞ்சினை ஸாலிஹ் பாஸ் அணைத்த கணம் வண்டியும் நின்றது.

பழனிமுத்து இரண்டு பஸ் மாறிக் கொட்டாஞ்சேனைக்கு ஓடினான்.

"பாஸ், பத்தேகாலுக்கு எஞ்சின ஸ்டார்ட் பண்ணுனீங்களா?"

"ஓம். பதினொண்டுக்கு அஞ்சு நிமிசம் ஈக்க நிப்பாட்டின. ஏன், சத்தம் அங்க வரைக்கும் கேட்டிச்சா?"

"சத்தம் கேக்கலீங்க. வண்டி ஓடுச்சு."

ஸாலிஹ் பாஸ் அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு எஞ்சினைப் பார்த்தார். "பதினொரு வருசம் ஒண்டா ஈந்த சாமான். கழட்டினோண்ட விசயம் இன்னம் அதுக்குத் தெரிய வரல்ல போல" என்றார். அதற்கு மேல் அந்த விஷயத்தை அவரும் ஆராயவில்லை, வேறு யாரும் ஆராயவில்லை.

இலாகாவின் காரியாலயம் புதுக்கடையில், கோர்ட்டுக்குப் பின்னால் இருந்தது. அதன் தலைவர் பிக்கரிங் துரை. இரண்டாவது ஓட்டத்தை அவரே வெள்ளவத்தைக்கு வந்து குடை பிடித்துக்கொண்டு பார்த்தார். வியப்படையவில்லை, எஞ்சினைத் திரும்பக் கொண்டுவந்து பூட்டும் செலவு மிச்சம் என்பதைத்தான் முதலில் கவனித்தார். அவருடைய தலைமை இலிகிதர் அம்பலவாணர், யாழ்ப்பாணத்தவர், வெள்ளவத்தையில் வீடு, இருபத்தாறு வருட சேவையில் ஒரு காற்புள்ளி கூடத் தவறாக இட்டதில்லை. அவர் ஒரே வாரத்தில் இலாகாவை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்: எஞ்சின் வடக்குப் பிரிவு, ட்ரக்டர் தெற்குப் பிரிவு. டீசல் வடக்கில் ஊற்றப்படும். வேலை தெற்கில் நடக்கும். எஞ்சினைக் காலை எட்டுக்கு ஸ்டார்ட் பண்ணி நாலரைக்கு அணைக்க வேண்டும். இடையில் அணைப்பதானால் இரண்டு பிரிவும் ஒப்பமிட்ட கடிதம் வேண்டும். இரண்டு பிரிவுக்கும் அதிகாரி பிக்கரிங் துரைதான் என்பதால், அவர் தனக்குத் தானே கடிதம் எழுதி, மூன்று நாளில் தனக்குத் தானே பதில் போட்டார். ஸாலிஹ் பாஸை ஒப்பந்தக்காரர் ஆக்கி, பட்டறையில் ஒரு டைம்கீப்பரையும் கதிரை போட்டு உட்காரவைத்தார்கள்.

இப்படிப் பத்து மாதம் வேலை நடந்தது. வெள்ளவத்தைச் சனங்களுக்கு முதல் வாரம் வேடிக்கையாக இருந்தது. இரண்டாம் வாரம், சத்தமில்லாமல் ஓடுகிற ட்ரக்டர் பிள்ளைகள் படிக்க வசதி என்றார்கள். மூன்றாம் வாரம் மறந்துவிட்டார்கள். சத்தம் முழுவதும் கொட்டாஞ்சேனைக்குத்தான். பழனிமுத்துவும் ஸாலிஹ் பாஸும் மாதத்தில் ஒரு தரம்கூடச் சந்திப்பதில்லை. ஆனால் அவன் வெள்ளவத்தையில் பிரேக்கை மிதித்தால் கொட்டாஞ்சேனையில் எஞ்சின் முனகும் என்பதை இருவரும் கண்டுகொண்டார்கள். காலையில் வந்து ஏறியதும் பழனிமுத்து ஒரு தரம் மெல்ல மிதிப்பான்; அது வணக்கம். ஸாலிஹ் பாஸ் டீசலைக் கொஞ்சம் கூட்டிக் குறைப்பார், அது பதில். வண்டி பெருங்கல்லில் ஏறினால், நண்டுக் கூட்டம் குறுக்கே போனால், ஆறாயி சோறு கொண்டுவந்தால், ஒவ்வொன்றுக்கும் அவன் மிதி வேறு. "இண்டைக்குக் கருவாட்டுக் கறி போல" என்று ஸாலிஹ் பாஸ் ருக்கியாவிடம் சொல்வார். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

1947 ஜூனில் இலாகாவுக்குள் ஒரு சுற்றறிக்கை வந்தது: இந்தியாவைச் சேர்ந்த நாட்கூலிகளில் இன்றியமையாதவர் தவிர்ந்த எல்லோரையும் நிறுத்துக. அம்பலவாணர் மூன்று நாள் விதிப் புத்தகங்களைப் புரட்டிக் குறிப்பு எழுதினார். எஞ்சின் இல்லாத வாகனம் வாகனமாகாது, வாகனமல்லாத ஒன்றின் மேல் உட்கார்ந்திருப்பவர் சாரதியாக மாட்டார், கூடிப்போனால் பிரயாணி, பிரயாணிக்குச் சம்பளம் கொடுக்க ஏற்பாடு இல்லை. பிக்கரிங் துரை அந்தத் தர்க்கத்தின் அழகைப் பாராட்டி ஒப்பமிட்டார். கடிதத்தோடு தலைமன்னார் வழியாக இந்தியா போவதற்கான ஒருவழிச் சீட்டும் வைக்கப்பட்டிருந்தது.

"ஐயா, நான் இந்தியாவையே பாத்ததில்லீங்க. அங்க போயி எந்த வீட்டுக் கதவத் தட்டுறது?" என்று பழனிமுத்து கேட்டான்.

"அது உம்மட பிரச்சினை இல்லைக் காணும். ரிக்கற்றிலை ஸ்டேசன் பேர் போட்டிருக்குத்தானே" என்றார் அம்பலவாணர். அவர் கெட்ட மனிதர் அல்ல. சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்காமல் சீட்டைப் பார்த்தார்.

ஆறாயி அந்தச் சீட்டை வாங்கிப் பானைக்கு அடியில் வைத்தாள். கப்பல் போகட்டும், நாம் போகவேண்டாம் என்றாள். பழனிமுத்து வேறு வேலைக்குப் போகவில்லை. எட்டு மணிக்கு வந்து, சதுப்பின் முள்வேலிக்கு வெளியே நின்று, ஆளில்லாமல் ஓடும் ட்ரக்டரை நாலரை வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பிப் போவான். காலையில் அவனுடைய கால் தானாக ஒரு தரம் மண்ணை மிதிக்கும். கொட்டாஞ்சேனைக்கு அது போய்ச் சேராது. ஸாலிஹ் பாஸ் முதல் நாள் வணக்கத்துக்காகப் பத்து நிமிடம் காத்திருந்து, எஞ்சினில்தான் கோளாறு என்று நாசில்களைக் கழற்றிக் கழுவினார். விஷயம் தெரிந்ததும் எஞ்சினை நிறுத்தப் போனார். ஒப்பந்தத்தை மீறினால் மறியல், சிறைதான், என்று டைம்கீப்பர் வாசித்துக் காட்டினான்.

சாரதி இல்லாத ட்ரக்டரை இலாகா இவ்வாறு ஒழுங்குபடுத்தியது: இடது லீவரை இழுத்துக் கம்பியால் கட்டி அரக்கு முத்திரை வைத்தார்கள். வலது லீவருக்கு இனி வேலை இல்லை என்று கழற்றிக் களஞ்சியத்துக்கு அனுப்பினார்கள். ட்ரக்டர் இடப்பக்கமாக வட்டம் போட்டது. ஒன்பது நாள் ஒரே வட்டத்தைப் போட்டு, சதுப்பின் நடுவில் ஆள் ஆழத்துக்கு ஒரு குளத்தை உண்டாக்கியது. நிரப்பு வேலை திருப்திகரமாக முன்னேறுவதாக அறிக்கை போனது.

பத்தாம் நாள் பகல் இரண்டே முக்காலுக்கு, கடல் காற்றில் துருப்பிடித்திருந்த கம்பி அறுந்தது. ட்ரக்டர் நேராகப் புறப்பட்டது. முன்பு சரிந்த மதில் இன்னும் கட்டப்படாததால் அந்த வழியாகவே வெளியேறி, காலி வீதியில் ஏறியது. பொலிஸ்காரர் ஒருவர் கையை நீட்டி நிறுத்தச் சொன்னார். ஆசனத்தில் எவரும் இல்லாததால் யாரிடம் லைசன் கேட்பது என்று தெரியாமல் கையை இறக்கிக்கொண்டார். ட்ரக்டர் வீதியைக் கடந்து, கடலை நோக்கிய ஒழுங்கையில் இறங்கியது. அந்த ஒழுங்கையின் முடிவில் ரெயில் பாதை. கோட்டை ஸ்டேசனிலிருந்து வரும் இரண்டு ஐம்பது ரெயில் வண்டி பம்பலப்பிட்டியை விட்டுப் புறப்பட்டிருந்தது.

முள்வேலியைச் சுற்றிக்கொண்டு துரத்தி வந்த பழனிமுத்து பின்பக்கமாக ஏறினான். அரக்கு முத்திரையை உடைத்து இடது லீவரை இழுத்தான். துருப்பிடித்த லீவர் அடியோடு கையில் வந்துவிட்டது. வலது லீவர் இருந்த இடத்தில் ஒரு துவாரம். ரெயில் கேற்காரர் பச்சைக் கொடியையும் சிவப்புக் கொடியையும் சேர்த்து ஆட்டி, "அய்யே, நவத்தன்ன! நவத்தன்ன!" என்று சிங்களத்தில் கத்தினார். நிறுத்தத் தெரியாமலா இருக்கிறான் அவன்? இரண்டு பிரேக்கின் மேலும் ஏறி நின்றான். ட்ரக்டர் வேகம் குறைந்தது, நிற்கவில்லை. ஆறு மைல் தள்ளி இருக்கும் எஞ்சின் அதைத் தள்ளிக்கொண்டே இருந்தது.

கொட்டாஞ்சேனையில் எஞ்சின் முனகியது. பிறகு கரும்புகை கக்கியது. பட்டறையே அதிர்ந்து ஆணிகள் மேசையிலிருந்து உதிர்ந்தன. சோற்றுக் கோப்பையோடு உட்கார்ந்திருந்த ஸாலிஹ் பாஸ் எழுந்து எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"இது பழனிட கால்" என்றார்.

"பழனிய நிப்பாட்டி ரெண்டு கிழமையாச்சே, ஸாலிஹ் நானா. நாலரைக்கு இன்னும் நேரம் ஈக்கி" என்றான் டைம்கீப்பர்.

"நான் செல்றன், இது அவன்ட கால். ரெண்டு காலும். அவன் ஒரு நாளும் இப்பிடி மிதிச்சதில்ல. என்னமோ வந்திட்டு."

"கடிதம் இல்லாம நிப்பாட்டினா மறியல்."

"மறியலுக்கு நான் போறன். நீ அந்தப் பக்கம் தள்ளு."

அவர் டீசல் குழாயை அடைத்தார். பழைய வேகத்தில் எஞ்சின் இன்னும் சில சுற்றுச் சுற்றும் என்று அவருக்குத் தெரியும். அந்தச் சில சுற்றுக்குள் அவர் ஓதியதை டைம்கீப்பர் பிறகு ஒருபோதும் யாரிடமும் கேலியாகச் சொல்லவில்லை. எஞ்சின் நின்றது. வெள்ளவத்தையில் ட்ரக்டர், தண்டவாளத்துக்கு ஒன்றரை முழம் இருக்கும்போது நின்றது. இரண்டு ஐம்பது வண்டி ஊதிக்கொண்டு கடந்து போனது.

அந்த வண்டியில், மூன்றாவது பெட்டியில், ஜன்னலோரம் அம்பலவாணர் இருந்தார். வயிற்றுவலி என்று எழுதிக் கொடுத்துவிட்டு, மகளைப் பெண்பார்க்க வருகிறவர்களுக்காக வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். கை நீட்டினால் தொடும் தூரத்தில், இரண்டு காலையும் ஊன்றி, உடைந்த லீவரைக் கையில் பிடித்தபடி, முகமெல்லாம் வியர்வையும் கண்ணீருமாக நின்றவனை அவர் பார்த்தார். இந்த முறை பார்க்காமல் இருக்க முடியவில்லை. அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டார் கேட்டதற்கெல்லாம் ஓம் ஓம் என்றே சொல்லி, சீதனத்தில் ஒரு வீட்டைக் கூடுதலாகக் கொடுத்துவிட்டார் என்று அவருடைய மனைவி வெகுகாலம் குறைபட்டாள்.

விசாரணை பதினோரு அமர்வு நடந்தது. எஞ்சினை நேரத்துக்கு முன் நிறுத்தியது யார் என்பதுதான் கேள்வி. ரெயில் பிழைத்தது விசாரணையின் வரம்புக்குள் வரவில்லை. ஸாலிஹ் பாஸ் சத்தியம் செய்து, "நிப்பாட்டினது பழனி, தொர. நான் கைய வெச்ச மட்டும்தான்" என்றார். பழனிமுத்து, "நான் மிதிச்சேன், நின்னுச்சுங்க" என்றான். இதிலிருந்து ஒன்று நிரூபணமாயிற்று: அவனில்லாமல் அந்த இயந்திரம் முழுமையடையாது. ஆனால் அவனை வேலைக்கு எடுக்கச் சுற்றறிக்கை இடம் கொடுக்கவில்லை. பிக்கரிங் துரை கோப்பை மூடி, திறந்து, மறுபடி மூடினார். அப்போது அம்பலவாணர் தொண்டையைச் செருமினார். ஆள் எடுப்பதற்குத்தான் தடை. உதிரிப்பாகம் எடுப்பதற்குத் தடை இல்லை என்றார்.

1947 செப்டெம்பர் ஒன்றாந் திகதி பழனிமுத்து, சங்கிலி ட்ரக்டரின் உதிரிப்பாகம் எண் நாற்பத்திரண்டு என்று பதிவேட்டில் ஏறினான். பெயர்: நிறுத்தும் கருவி. எண்ணிக்கை: ஒன்று. நிலை: பாவித்தது, நல்லது. தயாரிப்பு: இந்தியா.

"நான் அட்டன்ல பொறந்தவங்க ஐயா" என்றான் பழனிமுத்து.

அம்பலவாணர் குரலைத் தாழ்த்தினார். "இலங்கைத் தயாரிப்பு எண்டு எழுதினால் டென்டர் கூப்பிட வேணும், தம்பி. உது விளங்காமல் கதைக்காதையும்."

செய்தியைக் கேட்டு ஆறாயி கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். பிறகு, "சாமானத் தொரத்த மாட்டாங்கல்ல?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றான். அவள் பானையைத் தூக்கிச் சீட்டை எடுத்து அடுப்பில் போட்டாள். அவனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சோற்றைப் பிசைந்தபடியே இரண்டையும் செய்தான். உதிரிப்பாகத்துக்குச் சம்பளம் இல்லை. பராமரிப்புச் செலவு என்று மாதாமாதம் ஏதோ வந்தது. லீவும் இல்லை. ஐப்பசியில் அவனுக்குக் காய்ச்சல் கண்டபோது, பழுதடைந்த பாகங்களை ஒப்பந்தக்காரரிடம் அனுப்ப வேண்டும் என்ற விதிப்படி, அவனை லொறியில் ஏற்றிக் கொட்டாஞ்சேனைக்கு அனுப்பினார்கள். ருக்கியா ஐந்து நாள் கஞ்சி கொடுத்தாள். ஸாலிஹ் பாஸ் வேலைச் சீட்டில், 'சூடு கூடி ஈந்திச்சி, இப்ப சரி' என்று எழுதி ஒப்பமிட்டுத் திருப்பினார்.

1948 பெப்ரவரியில் தேசம் கைமாறியது. பிக்கரிங் துரை கப்பலேறினார். அவர் ஒப்படைத்துப் போன பட்டியலை வைத்துக்கொண்டு புதிய அதிகாரி, சுதேசி, வெள்ளைக் களிசானில், ஒரு திங்கட்கிழமை காலை எட்டுக்கு ஐந்து நிமிடம் இருக்க வெள்ளவத்தைக்குப் பொருள் சரிபார்க்க வந்தார். அம்பலவாணர் வாசித்தார். சங்கிலி இரண்டு. இருக்கிறது. ஆசனம் ஒன்று. இருக்கிறது. எஞ்சின் ஒன்று. எங்கே? கொட்டாஞ்சேனையில், சேர். அதிகாரி அதற்கு நேரே ஒரு சரி போட்டார். நிறுத்தும் கருவி ஒன்று. பழனிமுத்து ஆசனத்திலிருந்து எழுந்து நின்றான். அதிகாரி மூக்குக் கண்ணாடியைத் தாழ்த்தி அவனைப் பார்த்து, பாவிக்கக் கூடியதா என்று கேட்டார்.

"பாவிக்கலாங்க" என்றான் பழனிமுத்து.

அதற்கும் ஒரு சரி போடப்பட்டது. எட்டு மணியானது. ட்ரக்டர் நகரத் தொடங்கவும், அதிகாரி பட்டியலை மார்போடு அணைத்துக்கொண்டு சேற்றில் இரண்டடி விலகி அதற்கு வழிவிட்டார்.